மாமன் மடியில் பீடி வாசம்

மெல்பர்ன் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு கிழவர் என்னைக் கண்டதும் பஸ் ஸ்டாப்பை விட்டு எழுந்து மழைக்குள் போனார். எங்கள் அப்பாவைவிட மூத்தவராக இருப்பார். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, கூரைக்கடியில் உட்கார்ந்து, அப்போதுதான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்திருந்தார். எட்டு மாதக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நான் வருவதைப் பார்த்தார். சட்டென்று எழுந்தார். பத்துப் பன்னிரண்டு எட்டு தள்ளிப் போய்த் தூறலில் நின்றுகொண்டார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அப்படி என்ன ஐயா, கறுப்பி பக்கத்தில் நின்றால் ஒட்டிக்கொள்ளுமா? இருந்தாலும் வயசானவர் நனைகிறாரே என்று, "சிட், சிட், ப்ளீஸ்" என்று பெஞ்சைக் காட்டினேன். அவர் குழந்தையைக் கை காட்டித் தலையை ஆட்டினார். ஓஹோ, என் பிள்ளையும் ஆகாதா என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் அந்தப் பக்கம் மழையில் இறங்கிவிட்டேன். கூரைக்கடியில் யாருமில்லை. இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானும் நனைந்துகொண்டிருந்தோம். பஸ் வந்ததும் அவர் சிகரெட்டை அணைத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, என் அருகில் வந்து, பாப்பாவுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பேபி. ஸ்மோக். நாட் குட்."

சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு எப்படிப் புரியும், நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் பீடியோடு ஒருவன் ஒதுங்கிப் போகிறான் என்றால் எதிரே பெரியவர் வருகிறார் என்று அர்த்தம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மீசை முறுக்கி நிற்கும் ஆள், நாற்பது வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா தலை தெரிந்தால் போதும், எரிகிற பீடியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வான். கை சுட்டாலும் விட மாட்டான். அதற்குப் பெயர் மரியாதை. அதே ஆள் பஸ்ஸில் ஏறி, 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருக்கிற இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளை இருந்தாலும் நிதானமாக இழுத்து விடுவான். பிள்ளை இருமினால் பிள்ளையைப் பெற்றவள்தான் எழுந்து இடம் மாற வேண்டும். கண்டக்டரிடம் சொன்னால், "ஜன்னலத் தொறந்து வச்சுக்கிருங்கம்மா" என்பார். மூத்தவருக்காக அணைக்கிற பீடி இருந்தது. சின்னப் பிள்ளைக்காக அணைக்கிற பீடி எங்கள் பக்கம் கிடையாது. ஆகவே ஒரு கிழவர் என் எட்டு மாதக் குழந்தையைப் பார்த்து எழுந்து போவார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

என் அண்ணன் முருகேசனும் அந்த மரியாதையில் ஊறியவன்தான். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியில் எங்களுக்குக் கொஞ்சம் சோளமும் கடலையும், ஒரு கிணறும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டான், நான் படிக்க வேண்டும் என்பதற்காக. கரண்டு எப்போது வரும் என்று தெரியாது என்பதால் பகலெல்லாம் மோட்டார் ரூமில் காத்துக் கிடப்பான். நான் அவனுக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே வாசற்படியில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துகொள்வேன். அவன் உள்ளே பீடி குடிப்பான். எனக்கு ஒரு வேலை உண்டு. வரப்பில் அப்பா சைக்கிள் தெரிந்தால், "அண்ணே, மாடு அவுந்துருச்சு!" என்று கத்த வேண்டும். அடுத்த நிமிஷம் பீடி கிணற்றுக்குள் போய்விடும். அப்பா வந்து மோப்பம் பிடித்தபடி, "எந்த மாடு?" என்பார். எங்களிடம் அப்போது மாடே இல்லை.

அந்த ரூமுக்குள் மோட்டார் மசியும் பீடியும் கலந்து ஒரு வாசம் இருக்கும். என் தாவணி, புத்தகம், தலைமுடி எல்லாவற்றிலும் அது ஏறியிருக்கும். அண்ணன் அப்பாவுக்கு மறைத்தான், பெரியப்பாவுக்கு மறைத்தான், வாத்தியாருக்கு மறைத்தான். எனக்கு மட்டும் மறைக்கவில்லை. அதில் எனக்கு அம்புட்டுப் பெருமை.

கல்யாணமாகி இங்கே வந்தேன். மகள் தாரணி பிறந்தாள். இரண்டு வயதில் அவளுக்கு முதல் தடவை இளைப்பு வந்தது. நம் ஊரில் வீசிங் என்கிறோமே, அதுதான். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்து விழுந்து எழும்பியது. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸில் போகும்போது அவள் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி தளர்ந்துவிடுமோ என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்பதை. இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். வந்துபோகிறவர்கள்? இல்லை. புகைத்துவிட்டு வந்தவர்கள் தூக்கினாலும், அந்தச் சட்டை வாசமே இந்தக் குழந்தைக்குப் போதும் என்றார். அன்றிலிருந்து என் கைப்பையில் நீல இன்ஹேலர், அந்தக் குழாய் மருந்து, இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. தெருவில் சிகரெட்டோடு யார் வந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவேன். முன்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்தவளும் இவளும் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அண்ணன் மாதாமாதம் போனில் ஒன்றைத்தான் கேட்பான். "காது குத்திப்புடாத தாயி. எங்கயாச்சும் மிசினு வச்சுக் குத்துவாய்ங்களாம்ல, அங்கிட்டுப் போயிறாத. என் மடியிலதான் நடக்கணும்." தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, தாய்மாமன் எடுத்த தோட்டைப் போட்டுக் காது குத்தினால்தான் எங்களுக்குக் காதுகுத்து. தாரணிக்கு ஐந்து வயதாகும்போதுதான் ஊருக்குப் போக வாய்த்தது. இரண்டாயிரம் கழிந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் போனோம்.

திண்டுக்கல் ரயில் நிலையத்தில் அண்ணன் நின்றான். ஓடி வந்து தாரணியை அள்ளித் தூக்கினான். அவள் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பி, "ஸ்டிங்கி" என்றாள். நாறுகிறதாம்.

"என்னங்குறா?"

ஐந்து வருஷம் காத்திருந்த மனுஷனிடம் நான் என்ன சொல்வேன்? "ஒன் மீசை குத்துதாம்ணே" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். அவன் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தான்.

மறுநாள் காலை எழுந்து வாசலுக்கு வந்தால், யாரோ முன்பின் தெரியாத ஆள் நிற்கிறார். அடப் பாவி, அண்ணன்! மீசையை எடுத்துவிட்டான். பதினெட்டு வயதிலிருந்து வைத்திருந்த மீசை. மதினி அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "இப்ப வாடா தங்கம் மாமாகிட்ட" என்று அவன் கையை நீட்டினான். தாரணி இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், இருமினாள், என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். அந்த வழுவழுத்த மேலுதட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

"அண்ணே, மீசை இல்லண்ணே. பீடி."

"என்னா பீடி?"

"அவளுக்குப் பீடி வாசம் ஆகாது. மூச்சு முட்டிரும்."

மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "அத நேத்தே சொல்ல வேண்டியதுதான? மீசையாச்சும் மிஞ்சிருக்கும்ல" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு சிரிப்பு நின்றது. "ஏ புள்ள, நீ இதே புகைக்குள்ள உக்காந்து படிச்சவதான? ஒனக்கு என்னா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. அவளுக்கு ஆகுதுல்ல" என்று குழாய் மருந்தை எடுத்துக் காட்டினேன். எப்படிக் கொடுப்பது, மூச்சு இழுத்தால் விலாவில் எப்படிக் குழி விழும் என்றெல்லாம் சொன்னேன். மதினி, "இந்தக் குழாயக் குடுத்துக் குடுத்துத்தான் பிள்ள சுணங்கிப் போச்சோ என்னமோ" என்றார். அண்ணன் அவரை அதட்டினான். "சரி தாயி. காது குத்துற அன்னிக்கு விடிஞ்சதுலருந்து தொட மாட்டேன். போதுமா?" என்றான்.

அதைக் காப்பாற்றவும் செய்தான். இதை நான் எழுதியே ஆக வேண்டும். அன்று விடியற்காலையில் தலைக்குக் குளித்து, புதுச் சட்டை, புது வேட்டி. ஒரு நாளைக்கு ஒரு கட்டு குடிக்கிறவனுக்கு ஒன்றுகூட இல்லை, வெற்றிலையாகப் போட்டு மென்றுகொண்டிருந்தான். தாரணி தானாகப் போய் அவன் மடியில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாமிக்கு முன்னால் போட்ட பந்தலில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. ஆசாரி ஊசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமன் சீராக வந்த தோடு இரண்டும் மஞ்சள் தடவி வெற்றிலை மேல் இருந்தன.

ஆனால் அவன் சத்தியம் செய்தது அவன் பீடிக்கு மட்டும்தான். பந்தல் நடுவில் ஒரு தாம்பாளத்தை வைத்திருந்தான். வெற்றிலை, பாக்கு, அதற்குப் பக்கத்தில் பிரித்து அடுக்கிய சிகரெட், மேலே ஒரு தீப்பெட்டி. வந்தவர்களுக்குச் சிகரெட் தட்டு வைக்காவிட்டால் விசேஷத்தில் மரியாதைக் குறைச்சல் என்று பேசுகிற காலம். தட்டு ஒரு சுற்றுதான் வந்தது. துணிப் பந்தல், தாழ்ந்த கூரை, காற்று நுழைய வழியில்லை. முதல் காதில் ஊசி இறங்கியதும் தாரணி வீறிட்டாள். அழுகைக்கு நடுவே மூச்சை இழுக்கும்போது எனக்குப் பழகிய அந்தச் சத்தம் கேட்டது, சன்னமாக ஒரு விசில்.

"அண்ணே, சிகரெட்ட அணைக்கச் சொல்லுண்ணே" என்று அவன் காதோரம் குனிந்து சொன்னேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முன்வரிசையில் கையில் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தவர் பெரியப்பா. அவர் முன்னால் இன்றுவரை பீடி எடுக்காதவன் இவன். அவரைப் பார்த்து அணையுங்கள் என்று எந்த வாயால் சொல்வான்? "பெரியப்பாட்ட எப்பிடித் தாயி சொல்ல? செத்த நேரம் பொறு. இன்னொரு காதும் முடிஞ்சிரும்" என்று கெஞ்சினான்.

பாவாடைக்கு மேலே தாரணியின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. ஆசாரி இன்னொரு காதைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அண்ணன் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவன் கை அவளைச் சுற்றி இருந்தது. "நான் குடிக்கலையே தாயி" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். நான் நிற்கவில்லை. "மாமன் மடியிலருந்து பிள்ளயப் பிடுங்கிட்டுப் போறா பாரு" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "வெளிநாட்டுக்காரிக்கு நம்ம புகை ஆகலயாக்கும்" என்றார் பெரியப்பா.

வெளியே வேப்பமரத்தடியில் அவளை மடியில் சாய்த்து மருந்தை அடித்தேன். ஒன்று, இரண்டு என்று ஆறு முறை. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம், வண்டி எங்கே, எரியோட்டில் டாக்டர் இருப்பாரா என்று மனசு பதறிக்கொண்டே கிடந்தது. கால் மணி நேரம் கழித்து மூச்சு சமனானது. தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் அண்ணன் வந்து நிற்பதைப் பார்த்தேன். உள்ளங்கையில் மிச்சத் தோடு. "இங்கன காத்தோட்டமா இருக்குல்ல. ஆசாரிய இங்கிட்டு வரச் சொல்லவா?" என்றான்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை தெளிந்துவிட்டாள், அங்கே புகையும் இல்லை. ஆனால் பயம் இறங்கினதும் கோபம் ஏறிவிட்டது. "ஒண்ணும் வேணாம்! ஒங்க சடங்கும் வேணாம், ஒங்க தட்டும் வேணாம். எம் பிள்ள உசுரோட ஊர் போய்ச் சேந்தாப் போதும்!" என்று கத்தினேன். பந்தல் முழுக்கக் கேட்டிருக்கும். அவன் கையை மூடிக்கொண்டு திரும்பிப் போனான். மாமன் சபையில் தலை குனிந்து நடந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அங்கே இருந்தேன். அவன் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் நானே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். தாரணி மதினியிடம் இருந்தாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பீடியை உள்ளங்கைக்குள் மடக்கினான். எழுந்து நின்றான்.

"என்ன தாயி, சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல."

"உக்காருண்ணே. நான்தான வந்திருக்கேன். குடி."

"இல்ல, பரவால்ல."

"அண்ணே, எங்கிட்டயுமா?"

அவன் கை சுட்டிருக்க வேண்டும், விரல்கள் அசைந்தன. பிரிக்கவில்லை. நான் தூக்கை வைத்துவிட்டு வரப்பில் இறங்கி, அவன் கண்ணுக்கு மறைகிற தூரம் வந்து, உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளைக்கு நான் கேட்டது இதைத்தான். எனக்கும் சேர்த்துக் கிடைத்துவிட்டது.

புலம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் என்னிடம் சொன்னார்கள், நீ செய்தது சரி என்று. சரிதான். இன்னொரு தடவை அந்தப் பந்தலில் நின்றாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் செய்வேன், அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வேப்பமரத்தடியில் கத்தினதற்குத்தான் எனக்கு மன்னிப்பில்லை. ஊரில் இருப்பவர்கள், அவனாவது எழுந்து நின்று பெரியவர்களை அணைக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சுலபமாகக் கேட்டுவிடலாம். பதினைந்து வருஷமாக யாருக்கு முன்னால் மறைத்தானோ அவர்களையே அதட்டு என்று ஒரே நிமிஷத்தில் நான் அவனிடம் கேட்டேன். எனக்கே அதைப் படித்துக்கொள்ள ஒரு கடல் தாண்ட வேண்டியிருந்தது.

மெல்பர்ன் திரும்பியபின் நான் போன் செய்தால் மதினிதான் எடுப்பார். "காட்டுக்குப் போயிருக்காரு" என்பார். தாரணி ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போனாள். அங்கே யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை, அதுவும் ஒரு ஸ்டைல் என்று நினைத்திருப்பார்கள். இன்னொரு காதை இங்கேயே குத்திவிடலாமே என்று வீட்டுக்காரர் சொன்னபோது நான் வள்ளென்று விழுந்தேன். இரண்டு வருஷம் அப்படியே போனது. ஊரிலும் பொது இடத்தில் புகைக்கக் கூடாது, சட்டம் அது இது என்று பேச்சு வந்திருந்தது. ஒருநாள் மதினி தானாகச் சொன்னார்: "இப்பல்லாம் நம்ம வீட்டு விசேஷத்துல சிகரெட் தட்டு வைக்கிறதில்ல சாந்தி. ஒங்க அண்ணந்தான் வைக்கக் கூடாதுன்டாரு. பெரிய மாமாவுக்கு, ஒங்க பெரியப்பாவுக்குத்தான், அதுலயே கோவம், பேச்சுவார்த்த இல்ல." போனை வைத்த பிறகும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

போன மாதம் வேடசந்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் லீவு முடிந்து திரும்பும்போது, ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். மதினிக்குப் போன் போட்டேன். "அந்த மிச்சத் தோடுதான். அம்புட்டு நாளும் சட்டப் பையிலயே வச்சிருந்தாரு, பீடிக்கட்டோட. நான் பீரோவுல வைக்கிறேன்னாலும் குடுக்கல. இப்ப அவரே மடிச்சுக் குடுத்தாரு. 'அங்கயே குத்திக்கச் சொல்லு. அங்க காத்து நல்லாருக்கும்ல'ன்னாரு."

"கோவமா சொன்னாரா மதினி?"

"தெரியல சாந்தி. சொல்லிட்டு வெளிய போயிட்டாரு."

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். தாரணி ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்தேன். பீடிக்கட்டைச் சுற்றி வரும் தாளில்தான் மடித்திருந்தான். பிரித்ததும் குப்பென்று வந்தது வாசம். என் கை தானாகத் தாளை மூடியது. தோட்டை மட்டும் எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். தாளைக் குப்பையில் போடத்தான் கொண்டுபோனேன். போட முடியவில்லை. பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இறுக்கிச் சாத்தினேன். குளிர் கொன்றது. தாளை மூக்கில் வைத்து, நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்தேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தாரணி. "அம்மா, என்ன பண்றே?" என்று அவள் கேட்பது உதட்டசைவில் தெரிந்தது. கதவைத் திறக்கக் கை வைத்தாள். வராதே, உள்ளே போ என்று கையைக் காட்டினேன். அவள் போகவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இன்னொரு தடவை மூச்சை இழுத்தேன்.